மத்தூர்க் கிணற்றடியில் கற்ற பாடம்



கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில், ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்து ஒன்றில் ஏறுங்கள். சன்னலோர இருக்கை கிடைத்தால் அமர்ந்துகொள்ளுங்கள். நகரின் இரைச்சல் ஓய்ந்ததும் மாந்தோப்புகள் தொடங்கும். தை, மாசியில் சென்றால் மாம்பூவின் மணம் உங்களை வரவேற்கும். ஆனி மாதத்தில் சென்றால், 'பெங்களூரா' என்று இவ்வட்டாரத்தார் வழங்கும் கிளிமூக்கு மாங்காய்களைச் சுமந்து மாங்கூழ் ஆலைகளை நோக்கிச் செல்லும் வண்டிகளைக் காண்பீர்கள். ஆங்காங்கே யானைகள் படுத்திருப்பது போன்ற பாறைக் குன்றுகள். அவற்றின் அடியில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலங்கள். நிலத்தின் நடுவே வாயகன்ற கிணறுகள். கிணற்று மேட்டிலே ஒரு பனையோ ஈச்ச மரமோ. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடத்துநர் "மத்தூர்!" என்று குரல் கொடுத்துவிடுவார்.

மத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடம். 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்த பகுதி இது. வடக்கே ஆந்திரமும் மேற்கே கர்நாடகமும் எல்லைகளாக அமைந்த மாவட்டம் ஆதலால், இங்குள்ள சந்தைகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்தே ஒலிக்கும். முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் உருது பேசுகின்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தமிழும் மதரஸாவில் அரபும் பயில்கின்றார்கள்.

இன்று இப்பகுதிக்கு மற்றொரு முகமும் உண்டு. எழுபதுகளில் ஒசூரில் தொடங்கிய தொழில் வளர்ச்சி, படிப்படியாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. பக்கத்திலுள்ள போச்சம்பள்ளிப் பகுதியில் 2021-இல் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையொன்று உற்பத்தியைத் தொடங்கியது. சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில், ஆண்களையும் பெண்களையும் ஏற்றிச் செல்லத் தொழிற்சாலைப் பேருந்துகள் சாலையோரம் காத்து நிற்கின்றன. பிழைப்புக்கு வழி பிறந்ததில் மகிழ்ச்சிதான். ஆயினும், அந்தப் பேருந்துகளைக் காணுந்தோறும் ஒரு சிறுவனின் நினைவு என் உள்ளத்தைத் தொடும். அவனை அந்த வழியில் அனுப்பிவிடலாம் என்று ஒரு காலத்தில் தீர்ப்புச் சொன்னவன் நான். அந்தத் தீர்ப்பு எவ்வாறு மாறியது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

மனனம் செய்த மலர்கள்

நான் தஞ்சைத் தரணியில், வாய்க்கால் கரையோரத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவன். மார்க்கக் கல்வியை முடித்தபின், அஞ்சல்வழியில் தமிழ் இலக்கியம் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றேன். 2009-இல் மத்தூர் மதரஸாவுக்கு ஆசிரியப் பணி ஏற்று வந்தபோது, பச்சைப் பசேலென்ற வயல்களைக் கண்டு பழகிய என் கண்களுக்கு இவ்வூர் வறண்ட கல்லும் முள்ளுமாகவே தென்பட்டது. சித்திரை வெயிலில் பாறைகள் கொதித்துக் கிடந்தன. "பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை" என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

என் பட்டப் படிப்பில் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு ஒரு பாடம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்துவதற்காகப் பாடப்பட்டது என்பர். 261 அடிகளைக் கொண்ட அப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன. திருமறையை மனனம் செய்து பழகிய எனக்கு அப்பெயர்களை மனத்தில் நிறுத்துவது கடினமாக இல்லை. தேர்வுத் தாளில் வரிசை பிசகாமல் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் பலாசம் என்று எழுதிய நான் அந்த மரத்தைக் கண்டதில்லை. கருவிளையும் சிந்துவாரமும் எனக்கு வெறும் சொற்கள். அவை எங்கே பூக்கின்றன, எப்போது பூக்கின்றன என்று எந்த ஆசிரியரும் என்னைக் கேட்டதில்லை. நானும் எவரையும் கேட்டதில்லை.

பாலை நிலத்தைப் பற்றியும் அவ்வாறே படித்திருந்தேன். பாலை தனியொரு நிலமன்று; முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறும். இதை விளக்கி இரண்டு பக்கங்கள் எழுதியவன்தான், பாலையும் முல்லையுமாக மாறி மாறி விளங்கும் மண்ணில் வந்து இறங்கி, "ஒன்றுமில்லை" என்று எழுதினேன்!

எழுந்து நின்ற மாணவன்

2015-ஆம் ஆண்டு ஆவணி மாதம். மஃரிபுக்குப் பின் நடைபெறும் வகுப்பில் சுமார் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றை அந்த வாரம் கற்பித்திருந்தேன். பறவைப் படையைப் பார்வையிட்டபோது ஹுத்ஹுத் பறவையைக் காணாமல் வினவியதும், அது திரும்பி வந்து, நபியவர்கள் அதுவரை அறிந்திராத ஸபா நாட்டின் செய்தியைக் கூறியதும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தன.

மறுநாள் தாயின் பெருமையைப் பற்றிப் பேசினேன். உதாரணம் கூறினால் பிள்ளைகள் மனத்தில் நன்கு பதியும் என்று எண்ணி, "தூக்கணாங்குருவியைப் பாருங்கள்! அந்தத் தாய்ப் பறவை தன் குஞ்சுகளுக்காக நார் நாராகக் கொணர்ந்து எத்துணை அழகாகக் கூடு நெய்கின்றது! இரவில் குஞ்சுகள் பயப்படாமலிருக்க, களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றி வைக்கின்றது!" என்றேன். சிறு வயதில் என் பாட்டியார் எனக்குச் சொன்ன கதை அது.

கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். வயது பதினான்கு. அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வாயைத் திறந்து பேசுவது அரிது. எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிப்பான்.

"ஹஜ்ரத், கூடு கட்டுவது தாய் இல்லை. ஆண் குருவிதான் கட்டும். மின்மினியும் கிடையாது. வெறும் மண்தான் இருக்கும்" என்றான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை நோக்கியது என்று எனக்குத் தோன்றிவிட்டது. "அதிகப்பிரசங்கி! இந்தக் கவனம் பாடத்தில் இருந்திருந்தால் தேர்வில் தேறியிருப்பாய்" என்று கடிந்து, வகுப்பு முடியும்வரை அவனை நிற்க வைத்தேன். அவன் மறுத்து ஒன்றும் பேசவில்லை. தலை கவிழ்ந்து நின்றான்.

ஒரு வாரம் கழித்து அவனுடைய தந்தை என்னைத் தேடி வந்தார். மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலையில் சுமை தூக்குவார். மற்ற மாதங்களில் கிடைத்த வேலையைச் செய்வார். பையனின் மதிப்பெண் பட்டியலை என் முன் வைத்தார். தமிழில் நூற்றுக்கு 28.

"ஒசூரில் என் மச்சான் லேத் பட்டறையில் இருக்கிறான், ஹஜ்ரத். இவனை அங்கே சேர்த்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

சற்றும் யோசிக்காமல் பதில் சொன்னேன். "படிப்பு ஏறாத பிள்ளையை வற்புறுத்துவதில் பயனில்லை, பாய். கைத்தொழில் கற்றால் பிழைத்துக்கொள்வான்."

அவர் தலையசைத்தார். புறப்படும்போது, பைக்குள்ளிருந்து கசங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். "எந்நேரமும் கிணற்றடியிலேயே கிடக்கிறான். இதில் என்னவோ எழுதுகிறான். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தவறாக ஏதும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கொடுத்துவிட்டுச் சென்றார்.

கசங்கிய நோட்டுப் புத்தகம்

அன்றிரவு விளக்கடியில் அதைப் பிரித்தேன். எழுத்துப் பிழை இல்லாத வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருந்தது. "கிணறு. பனை மரம். கூடு 11. மஞ்ச தலை 6" என்று ஒரு நாள். "பாதி கூடு. மஞ்ச இல்லாத குருவி வந்து உள்ள பாத்துச்சு. போயிருச்சு" என்று மறுநாள். "மறுபடி வரல. அந்த கூட்ட மஞ்ச குருவி விட்டுருச்சு" என்று நான்கு நாள் கழித்து. கீழே விழுந்த கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்து, உள்ளே சுவரில் காய்ந்த மண் கட்டி இருந்ததையும், அதில் பூச்சி எதுவும் ஒட்டியிராததையும் குறித்திருந்தான். எழுபதுக்கு மேற்பட்ட நாட்களின் குறிப்புகள் அவை.

எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. சுபுஹு முடிந்ததும் நோட்டுப் புத்தகத்துடன் அந்தக் கிணற்றை நோக்கி நடந்தேன். அவன் முன்னரே அங்கு அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் அஞ்சி எழுந்தான். "உட்கார் தம்பி. எனக்கும் காட்டு" என்றேன்.

பனை ஓலைகளின் நுனியில், கிணற்று நீருக்கு நேர் மேலே, கூடுகள் தொங்கின. மஞ்சள் தொப்பி அணிந்தாற்போன்ற தலையுடைய ஆண் பறவைகள் புல்லின் நீண்ட கீற்றுகளை அலகில் கவ்வி வந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெய்தன. சில கூடுகள் கவிழ்த்து வைத்த தலைக்கவசம் போலப் பாதியளவில் நின்றன. ஊர்க்குருவியைப் போன்ற மங்கிய நிறமுடைய பெண் பறவை வந்து, பாதிக் கூட்டினுள் அமர்ந்து, சுற்றிலும் பார்த்தது. பிறகு பறந்து சென்றது. ஆண் பறவை சிறகுகளை அடித்துக்கொண்டு அழைத்தது. பெண் திரும்பவில்லை.

"பிடித்திருந்தால் உள்ளேயே இருக்கும், ஹஜ்ரத். அப்புறம்தான் ஆண் குருவி வாசலை நீட்டிக் கட்டும்" என்று மெல்லிய குரலில் சொன்னான்.

தமிழில் தூக்கணாங்குருவி என்கின்றோம். அவன் வீட்டு உருதில் அது 'பயா'. தெலுங்கு பேசும் அண்டை நிலத்தார் 'கிஜிகாடு' என்றும், கன்னடம் பேசுவோர் 'கீஜக' என்றும் அழைப்பதை அவனே எனக்குச் சொன்னான். தமிழில் 28 மதிப்பெண் வாங்கியவன் நான்கு மொழிகளில் ஒரு பறவையின் பெயரை அறிந்திருந்தான்.

பட்டம் பெறாத பறவையியலார்

அந்த வாரமே கிருஷ்ணகிரிக்குச் சென்று, நூலகத்தில் பறவைகளைப் பற்றிய ஆங்கில நூல்களைத் தேடினேன். அகராதியை அருகில் வைத்துக்கொண்டு வாசித்தேன். அங்கேதான் சாலிம் அலியை முழுமையாக அறிந்தேன். பையன் கிணற்றடியில் கண்டதையெல்லாம், அவர் 1930-இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் அமர்ந்து கண்டு எழுதியிருந்தார். கூட்டைத் தொடங்குபவன் ஆண், பாதி நிலையில் வந்து பார்த்து ஏற்பதும் மறுப்பதும் பெண், ஏற்றுக்கொண்டபின் ஆண் பறவை கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, வேறொரு கூட்டைத் தொடங்கிப் பிறிதொரு துணையை அழைக்கும், அடைகாப்பது பெண். என் பாட்டியார் கதையில் தாய்க்கு உரியதாக இருந்த நெசவு, உண்மையில் தந்தையின் வேலை.

சாலிம் அலியின் வாழ்க்கையே நம் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க பாடம். 1896-இல் பிறந்த அவர் மிகச் சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்து, தாய்மாமா அமிருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கி போன்ற காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்திலே மஞ்சள் திட்டு இருந்தது. இதை உண்பது கூடுமா என்ற ஐயத்துடன் மாமாவிடம் எடுத்துச் சென்றார். அவரும் அப்பறவையை இன்னதென்று அறியாதவராய், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 'எனக்குத் தெரியாது' என்று ஒப்புக்கொண்ட அந்தப் பெரியவரின் நேர்மை, ஒரு சிறுவனின் வாழ்நாளையே திருப்பிவிட்டது. தம் வாழ்க்கை வரலாற்றுக்கு 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்று பொருள்படும் பெயரையே சாலிம் அலி சூட்டினார்.

கல்லூரிப் படிப்பை அவரால் முடிக்க இயலவில்லை. இடையில் விட்டுவிட்டு, குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா சென்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் பறவையியல் பணியிடம் ஒன்று அவருக்குக் கிட்டாமல் போனது. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராக அமர்ந்தார். ஜெர்மனி சென்று, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியபோது, நிதியின்மையால் அந்த வேலையும் இல்லாமற்போயிருந்தது. வேலையிழந்து கிஹிமில் தங்கிய அந்த நாட்களில்தான் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்து எழுதினார். 1941-இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. பட்டம் பெறாத அவருக்கு 1958-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1987-இல் மறைந்தார். கோவைக்கு அருகே ஆனைகட்டியில் 1990-இல் தோன்றிய பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரையே தாங்கியது.

இது நமக்குப் புதிய வழியுமன்று. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிஸ், உயிரினங்களைப் பற்றி ஏழு பாகங்கள் கொண்ட நூலை எழுதினார். அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞரின் கூற்றைக்கூட அப்படியே ஏற்காமல் ஆராய்ந்து ஐயம் எழுப்பியவர் அவர். 1405-இல் மறைந்த எகிப்திய ஷாஃபிஈ அறிஞர் அத்தமீரீ, விலங்குகளையும் பறவைகளையும் அரபு அகரவரிசைப்படித் தொகுத்தார். மதரஸாவில் இப்பெயர்களைக் கேட்டறிந்திருந்தும், அவர்கள் செய்த காரியத்தை நான் ஒரு நாளேனும் செய்ததில்லை.

நான் திரும்பப் பெற்ற தீர்ப்பு

மறுநாள் வகுப்பில், நான் கூறியது தவறு என்றும், எழுந்து நின்று உரைத்தவன் கூறியதே சரி என்றும் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் சொன்னேன். ஹுத்ஹுத் தாம் அறியாத செய்தியைக் கொண்டுவந்தபோது சுலைமான் நபி (அலை) அவர்கள் அதை இகழவில்லை. உண்மைதானா என்று ஆராய்ந்து பார்க்க, அதனிடமே கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வரலாற்றைக் கற்பித்த மறுநாளே ஒரு மாணவனை நிற்க வைத்தவன் நான். இதைச் சொல்லும்போது என் குரல் தடுமாறியது. ஆசிரியருக்கு இது எளிதன்று. ஆயினும் சொல்லிய பின்னர் நெஞ்சம் இலேசாயிற்று.

வகுப்பு முடிந்ததும் அவன் தயங்கித் தயங்கி வந்தான். "ஹஜ்ரத், ஹுத்ஹுத் நம் மதரஸாவுக்குப் பின்னாலேயே வருமே, பார்த்ததில்லையா?" என்றான். மறுநாள் காலையில் காட்டினான். தலையில் விசிறி போன்ற கொண்டை, சிறகில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள், மண்ணைக் குத்திப் புழு தேடும் நீண்ட வளைந்த அலகு. தமிழில் கொண்டலாத்தி என்பார்கள். ஆறு ஆண்டுகளாக ஹுத்ஹுதின் வரலாற்றைக் கற்பித்து வந்த எனக்கு, அது என் சன்னலுக்கு வெளியே நடமாடும் பறவை என்று தெரியாது.

அவன் தந்தையிடம் சென்றேன். "நான் அன்று சொன்னதை மறந்துவிடுங்கள், பாய், பையன் படிக்கட்டும்" என்றேன். அவருக்கு அது எளிதான செய்தியன்று. பையன் பட்டறைக்குச் சென்றால் வீட்டிற்கு வரக்கூடிய பணத்தை அவர் எண்ணியிருந்தார், கடனும் இருந்தது. வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பத்தாம் வகுப்புவரை பார்ப்போம்" என்றார். அவ்வளவே எங்களுக்குக் கிடைத்த தவணை.

நாள்தோறும் கிணற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பிழைகளைத் திருத்தினேன், கருத்தைத் திருத்தவில்லை. தான் கண்டதை எழுதுவதில் அவனுக்குச் சலிப்பில்லை. சொல் போதாதபோது தானே சொல் தேடி வந்தான். 'நெய்தல்', 'முடைதல்', 'பின்னுதல்' இவற்றுள் குருவி செய்வது எது என்று என்னைக் கேட்டபோது, நான் பதில் சொல்லத் திணறினேன். குறுந்தொகையிலே, நெடிய பனையில் தூக்கணாங்குருவி தொடுத்த கூட்டை உவமையாகக் கூறும் பாடல் ஒன்று உண்டு. அதை அவனுக்குக் கற்பித்தேன். "அப்போதும் பனையில்தானா, ஹஜ்ரத்!" என்று வியந்தான். சங்கப் பாடலும் அவனுடைய கிணறும் ஒன்றையொன்று தொட்ட அந்த நொடியை நான் மறக்கமாட்டேன்.

பின்னர், 1912 முதல் 1996 வரை வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் அடங்கிய 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலை வாங்கிக் கொடுத்தேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1950-இல் ஓர் ஆங்கில நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியைத் தம் இறுதிக் காலம்வரை எழுதியவர். வீட்டுச் சுவரில் ஓடும் அணிலையும் காகத்தையும்கூட இலக்கியமாக்க இயலும் என்று அவரிடமிருந்து அவன் அறிந்துகொண்டான்.

கண் மட்டும் போதும் என்று நான் சொல்லவரவில்லை. கூட்டை முடித்த ஆண் பறவை விலகிச் செல்வதைக் கண்டு, "கூடு பிடிக்காமல் ஓடிவிட்டது" என்று அவன் எழுதியிருந்தான். அது அடுத்த கூட்டைத் தொடங்கச் செல்கின்றது என்பதை நூலில் படித்த பிறகே அறிந்தான். நூலும் பிழைபடுவதுண்டு. தூக்கணாங்குருவிக்கு 1766-இல் லின்னேயஸ் இட்ட அறிவியற் பெயர் பிலிப்பைன்ஸ் நாட்டைக் குறிக்கின்றது. அப்பறவையோ அந்நாட்டிற்கு உரியதன்று! எங்கள் பக்கத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்புக்கால எச்சங்கள் கி.மு. 2172-ஐச் சேர்ந்தவை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட பாடநூல்கள் பல திருத்தத்துக்கு உரியனவாயின. நூலைக் கொண்டு நிலத்தைப் பார்க்கவும், நிலத்தைக் கொண்டு நூலைச் சரிபார்க்கவும் பழகினால்தான் கல்வி நம்முடையதாகின்றது. இதை நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு மாணவனிடம் நான் கற்றேன்.

அதன் பிறகு என் பழைய பாடங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. மாசி மாதத்தில் இலையுதிர்ந்த கிளைகளில் செந்தழல் போலப் பூத்து நின்ற புரச மரத்தைக் காட்டி, இதுவே பலாசம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். வேலியில் படர்ந்த சங்குப்பூவே கருவிளை. ஓடைக்கரை நொச்சியே சிந்துவாரம். பொங்கலுக்கு முந்தைய நாள் இவ்வூர் உழவர்கள் வீட்டு இறவாணத்தில் செருகும் பூளையும் ஆவாரம் பூவும் கபிலரின் வரிசையில் உள்ளவை. முதல் மழை பெய்த பத்தே நாளில், பாலையாகக் கிடந்த பாறைச் சரிவு பசும்புல் போர்த்தி முல்லையாக மாறியதையும் கண்டேன். ஊருக்கு வேறொரு கடிதம் எழுதினேன்.

இன்று

அந்த மாணவர் பத்தாம் வகுப்பில் தேறினார், தமிழில் 71. தவணை நீண்டது. மாங்காய்ப் பருவத்தில் தந்தையுடன் சுமை தூக்கிக்கொண்டே மேல்நிலைக் கல்வியை முடித்தார். அரசுக் கல்லூரியில் விலங்கியல் பயின்று, ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றிற்காக இயற்கை இலக்கியம் பற்றி எழுதிய கட்டுரையைச் சென்ற ஆண்டு எனக்குக் கொண்டுவந்து காட்டினார். அதில் தம்மைப் பற்றி ஓரிடத்தில் இவ்வாறு குறித்திருந்தார்: எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பவன் என்று வெட்கப்பட்டதாகவும், குருவியைக் கவனிப்பதற்கு அந்த மெதுவே உதவியதாகவும், தாம் எழுதியதை ஒருவர் வாசித்தார் என்று அறிந்த நாளில்தான் தமக்கும் படிப்பு வரும் என்று நம்பியதாகவும்.

அந்தக் கிணறு இப்போது இல்லை. 2022-இல் அந்நிலம் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்டது. கிணற்றை மண்ணிட்டு மூடினார்கள், பனையும் வெட்டப்பட்டது. நாங்கள் இருவரும் ஒருநாள் அங்கு போய் நின்றோம். அங்கே பதினொரு கூடுகள் தொங்கின என்பதற்கு, பிழைகள் மலிந்த அந்த நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு சான்றில்லை. திரும்பி வரும் வழியில், ஒரு வயலின் குறுக்கே சென்ற கம்பியில் புதிதாகத் தொடங்கிய பாதிக் கூடுகள் மூன்று தொங்குவதை அவர்தாம் முதலில் கண்டார். சட்டைப் பையிலிருந்து எழுதுகோலை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.

பெற்றோர்களே! திருமறை, ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் உற்று நோக்குமாறு நம்மை அழைக்கின்றது. தேனீ, எறும்பு, சிலந்தி என்னும் சிற்றுயிர்களின் பெயர்களைத் தன் அத்தியாயங்களுக்குச் சூட்டியிருக்கின்றது. உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டுமுன், அவன் எதை உற்றுப் பார்க்கின்றான் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். மாடியில் வந்தமரும் புறாவோ, முருங்கையில் ஏறும் கம்பளிப் புழுவோ, எதுவாயினும் கண்டதைக் கண்டபடி எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசியுங்கள். உங்களுக்குத் தெரியாததை அவன் கூறினால், "வா, போய்ப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நான் ஒரு வாரம் தாமதித்துச் சொன்ன சொல் அது.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அவர்கள் சொல்வதைச் செவிமடுக்கும் பொறுமையை நமக்கும் அருள்வானாக. ஆமீன்.